வந்ததோடு வந்த வேலை

பதுளையில் இப்போது அம்புக்குறி இலவசம்.

நான் சொல்லவில்லை, துண்டுப் பிரசுரம் சொல்கிறது. கொழும்பிலிருந்து வந்த ஒரு கம்பனி, கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வாகனத் தரிப்பிடத்தில் கோடு போட்டுக் கொடுக்கிறதாம். கோடு போட்டால் இரண்டு அம்புக்குறியும் ஒரு சக்கர நாற்காலிப் படமும் இலவசமாம். என்னோடு பல வருஷம் வேலை செய்த விஜேபால அந்தத் தாளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒரு வரிசை. கூடவே ஒரு குரல் செய்தி.

“அண்ணே, நம்ம மொதலாளி இத பாத்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருப்பாரு. நீங்க சும்மாதானே இருக்கீங்க. நாம சின்ன வேலைக்கு வெல போட்ட கதைய எழுதுங்க. இப்ப வேல செய்ற பயலுக படிக்கட்டும்.”

சும்மா இருப்பது உண்மைதான். வாழ்நாள் முழுக்கக் குந்திக் குந்தி வேலை செய்தவனின் முழங்கால் இரண்டும் என்னிடம் சொல்லாமலே என்றைக்கோ ஓய்வு பெற்றுவிட்டன. நான் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஆனாலும் எழுதுவதற்கு முன்னால் அந்த இலவச அம்புக்குறியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஹாலிஎலப் பக்கம் பஸ் ஏறிப் போனேன். புதிதாகத் திறந்த கடை, பளபளவென்று வெள்ளைக் கோடுகள். அம்புக்குறி நேராக ரோட்டோரச் சாக்கடைக் கானைக் காட்டிக்கொண்டிருந்தது. அது சொல்கிறபடி போகிற டிரைவர் யாராவது இருந்தால், வண்டியைக் கானுக்குள் இருந்துதான் தூக்க வேண்டும். காவற்காரரிடம் கேட்டேன். “ஆமாங்க, தெரியும். ஆனா ஃப்ரீயா போட்டது, என்னான்னு கேக்கிறது?” என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் ஆட்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது.

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன் நான். தோட்ட வேலை வேண்டாம் என்று பதுளைக்கு இறங்கி வந்து, பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த நூர்தீன் முதலாளியிடம் சேர்ந்தேன். கடையில் பெயின்ட் விற்றுக்கொண்டிருந்த அவர், பெயின்ட் விற்கிறவனைவிட அதைத் தரையில் பூசுகிறவன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று கண்டுபிடித்து, கோடு போடும் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார். தரையில் கோடு போடுவதுதான் உத்தியோகம் என்று வீட்டில் சொன்னபோது, அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “கோடு போடுறதுக்குமா சம்பளம் குடுக்கிறானுக?” என்று கேட்டாள். அதே கேள்வியைத்தான் பிறகு வாடிக்கையாளர்களும் கேட்டார்கள். அம்மாவாவது ஆச்சரியத்தில் கேட்டாள்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் கூட்டினேன், பிறகு கழுவினேன், பிறகு நூல் பிடித்தேன். சோக்குத் தூள் தடவிய நூலை இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால், தரையில் நேர்கோடு விழும். அதன்மேல் மெஷினைத் தள்ள வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அதிக நாள் பிடிக்காது. பதுளையில் சமதரை என்று ஒன்று இல்லாததால், சரிவில் பெயின்ட் வழியாமல் தள்ளக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கூட நாள் பிடித்தது. இன்னொன்றையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். வெள்ளைக் கோடு என்றால் இங்கே வண்டியை நிறுத்தலாம். மஞ்சள் கோடு என்றால் நிறுத்தக் கூடாது. தொழிலில் இருக்கிற மொத்த வேதமும் இவ்வளவுதான்.

ஆனால் விலை போடுவது வேறு கலை. அதிலும் சின்ன வேலைக்கு விலை போடுவது.

பெரிய வேலைக்கு விலை பேசுவதில் சிரமமே கிடையாது. இடத்தை அளந்து, விலையைச் சொன்னால், வாடிக்கையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், நாங்கள் கொஞ்சம் குறைப்போம், அவர் கையை எடுப்பார், வேலை தொடங்கும். பிரச்சினை வேலை முடிகிற நேரத்தில் வரும். நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, கைகளைப் பின்னால் கட்டியபடி மெதுவாக வருவார். ஒரு மூலையைக் காலால் காட்டுவார். கையால் காட்டினால் அது வேலை, காலால் காட்டினால் அது உதவி. அப்புறம் அந்த மந்திரத்தைச் சொல்வார்.

“வந்ததோட வந்ததா, இதுலயும் ஒரு அம்புக்குறிய போட்டுட்டுப் போங்களேன்.”

வந்ததோடு வந்ததாக நான் அம்புக்குறி போட்டிருக்கிறேன், நம்பர் போட்டிருக்கிறேன், நடைபாதை ஓரத்துக்குக் கறுப்பு வெள்ளை பூசியிருக்கிறேன். ‘இங்கே நிறுத்தாதீர்’ என்று ஒரே ஒரு வசனம் கேட்பார்கள். ஒரே வசனம்தான், ஆனால் மூன்று பாஷையில். விலை மட்டும் ஒரு பாஷைக்கு. ஹல்துமுல்லையில் ஒருவர் நாய்க்கூட்டுக்கும் பெயின்ட் அடிக்கச் சொன்னார். மிச்சமிருக்கிற பெயின்டைத் திருப்பி எடுத்துப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள்மேல் அவருக்கு அவ்வளவு இரக்கம்.

இந்த மந்திரத்துக்கு மாற்று மந்திரம் தெரிந்த ஒரே மனிதர் நூர்தீன் முதலாளி. மெலிந்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு அளவு நாடா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சின்ன வேலைக்கு விலை சொல்லும் அதிகாரத்தை எங்கள் யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. “பெரிய வேலைக்கு ஒங்க வாயால வெல சொன்னாலும் பரவால்ல. சின்ன வேலையின்னா எனக்கு ஃபோன்ல ஒரு கோல் எடுங்க. நான் வாற வரைக்கும் டின்ன மூடி வைங்க” என்பார். டின் திறந்து இருந்தால் விலை பேச முடியாது என்பது அவருடைய சட்டம். திறந்த டின்னைப் பார்த்த வாடிக்கையாளர், உள்ளே இருப்பதெல்லாம் தன் சொத்து என்று நினைத்துவிடுவார்.

வந்து இறங்கியதும் விலை சொல்ல மாட்டார். காலால் காட்டப்பட்ட இடத்தைச் சுற்றி நடப்பார். பிறகு, “ஒரு பிளேன்டீ கெடைக்குமா மொதலாளி?” என்று வாடிக்கையாளரையே கேட்பார். தேநீர் வந்தால் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொள்வார். ஒரு மிடறு, உள்ளங்கையில் ஒரு நக்கு. சீனி தீரும் வரைக்கும் விலை வெளியே வராது. அதற்குள் வாடிக்கையாளருக்கு வேர்த்துவிடும்.

அப்புறம் கணக்கை விரிப்பார். அம்புக்குறிக்குப் பெயின்ட் எவ்வளவு? ஒரு கோப்பை. அதற்கு அவர் காசே கேட்க மாட்டார். “பெயின்டு ஒங்களுக்கு என் அன்பளிப்பு மொதலாளி” என்று பெருந்தன்மையாக விட்டுக் கொடுத்துவிட்டு, கழுவுகிற கூலியில் பிடிப்பார். வெள்ளை ஓடிய மெஷினில் மஞ்சள் ஓட்ட வேண்டுமென்றால் குழாய், வாளி, பெயின்ட் பீச்சும் துப்பாக்கி எல்லாவற்றையும் தின்னர் ஊற்றிக் கழுவ வேண்டும். அது முடிந்து மறுபடி வெள்ளைக்கு மாற்ற இன்னொரு தடவை. அடுத்தது காவல் கூலி. பெரிய கோடு காய எடுக்கிற அதே நேரத்தைத்தான் சின்னக் கோடும் எடுக்கிறது. அதுவரைக்கும் நாயும் நிர்வாகமும் மிதிக்காமல் ஒரு ஆள் நிற்க வேண்டும். இந்த இரண்டில் நாயை விரட்டுவது சுலபம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஊரில் கேலியாகச் சொல்வதை, அவர் கடையின் விலைப்பட்டியலாகவே வைத்திருந்தார்.

ஒரு தனியார் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னால் அவருடைய முறை விளங்கும். வேலை முடிந்த பிறகு ஒரு டாக்டர், தன் கார் நிற்கும் இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். சின்ன வேலைதான். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், பின்னால் மற்றப் பட்டங்கள். முதலாளி வந்து, சீனி நக்கி, எழுத்துக்கு இவ்வளவு என்று ஒரு விலை சொன்னார். டாக்டர் பின்னால் இருந்த பட்டங்களை ஒவ்வொன்றாகத் துறக்கத் தொடங்கினார். கடைசியில் பெயரின் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியது. பக்கத்து டாக்டருக்கும் அதே எழுத்து என்பதால் அடுத்த வாரம் இருவருக்கும் சண்டை வந்தது என்று கேள்விப்பட்டோம். அதைத் தீர்த்து வைக்கவும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். அதுவும் சின்ன வேலை.

எனக்கு இந்த விலை முறை ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு அம்மாவை நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, இலையில் இருக்கிற தண்ணிக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. வெயில் காலத்திலும் இலையில் தண்ணி இருந்தது. கேட்டால், “சின்னக் கணக்குக்கெல்லாம் நிக்காதீங்க, வழி விடுங்க” என்பார்கள். வாழ்நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எங்களிடமிருந்து கழித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, சின்னச் சின்னதாகக் கூட்டுகிற ஒரு மனிதரைக் கண்டபோது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

இனி பண்டாரவளைக் கதை.

அங்கே கணேசலிங்கம் என்று ஒரு கடைக்காரர். மூன்று மாடிக் கடை. அரிசி முதல் வாஷிங் மெஷின் வரைக்கும் கிடைக்கும். சுற்றியுள்ள தோட்டத்துச் சனம் சம்பள நாளில் அங்கேதான் போகும். கடைக்கு முன்னால் அகலமான சிமெந்துத் தரை. அந்தத் தரைக்கும் ரோட்டோரக் கானுக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு துண்டு நிலம், அதுவும் சிமெந்து. அது கடைக்குச் சொந்தமா, நகரசபைக்குச் சொந்தமா, ரோட்டுக்குச் சொந்தமா என்று யாருக்கும் தெரியாது. கடை கட்டுவதற்கு முன்னாலிருந்தே அங்கே த்ரீவீல் ஆட்டோக்கள் நிற்கும். கடையிலிருந்து மூட்டையோடு வெளியே வருகிறவர்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போவது அவர்கள்தான்.

அதில் ஒன்று என் மனைவியின் தம்பி சிவாவுடையது. சிவாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றால், அவன் ஒருநாளும் கடனை மறந்ததில்லை. மற்றவர்கள் அவனுக்குக் கொடுக்க வேண்டிய கடனை. த்ரீவீலை லீசிங்கில் எடுத்திருந்தான். முதல் தவணைக்கு என் மனைவியின் காதில் கழுத்தில் கிடந்தவை எல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்தன. நாடே பெட்ரோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் தவணைகள் பாக்கி விழுந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்தான். இன்னும் ஒரு தடவை பாக்கி விழுந்தால் வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று கம்பனிக்காரன் சொல்லியிருந்தான். வண்டி போனால் நகையும் போகும். நகை போனால் என் வீட்டில் எனக்குச் சோறு இருக்குமா என்பதும் நிச்சயமில்லை.

பௌர்ணமி விடுமுறைக்குக் கடை மூடியிருக்கும் போயா தினத்தில் வேலையை வைத்துக்கொண்டோம். நானும் விஜேபாலவும் இன்னும் இரண்டு பேரும் விடியற்காலையே போய்க் கூட்டி, கழுவி, நூல் அடித்து, மதியத்துக்குள் வெள்ளைக் கோடுகளை முடித்துவிட்டோம். கணேசலிங்கம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மெஷினை ஓரம் கட்டியதும் இறங்கி வந்தார். கை பின்னால் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

முதலில் ஓர் அம்புக்குறி கேட்டார். பிறகு வெளியே போகும் வழி என்று எழுதச் சொன்னார். பிறகு, அந்த ஒடுக்கமான துண்டு நிலத்தைக் காலால் காட்டினார்.

“இந்த ஓரம் முழுக்க, மஞ்சள்ல சாய்வா குறுக்குக் கோடு போட்டு விடுங்க தம்பி. சின்ன வேலைதானே.”

“அதுல த்ரீவீல் நிக்கிறதுங்களே” என்றேன்.

“அதுக்குத்தான் சொல்றேன். அடுத்த மாசம் கோப்பிக் கடை ஒன்னு இங்க முன்னால வருது. எல்ல ஊரு பாக்கப் போற வெள்ளைக்காரனுக எல்லாம் நிப்பாட்டுவானுக. இவனுக எண்ண ஒழுக விட்டுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு? வாயால சொன்னா சண்டைக்கு வருவானுக. மஞ்சள் காஞ்சிருச்சின்னா நான் ஒன்னும் சொல்லத் தேவையில்ல. பொலிஸ்காரங்களே பாத்துக்குவாங்க.”

அவர் சொன்னது சரி. தொழிலில் நான் கண்ட உண்மையும் அதுதான். காய்ந்துவிட்ட கோட்டை யார் போட்டது, எந்த அதிகாரத்தில் போட்டது என்று இந்த நாட்டில் ஒருவரும் கேட்பதில்லை. ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் எழும்பிப் பார்த்தால் கோடு இருக்கும்; அப்புறம் அது சட்டம்.

சிவா அப்போது தன் வண்டியில் காலை நீட்டிப் படுத்திருந்தான். போயா தினம், சவாரி இல்லை. என்னைப் பார்த்து, “மச்சான், வெயில்ல நிக்காம இங்க வந்து ஒக்காருங்க” என்று கத்தினான். அவன் உட்காரச் சொன்ன இடத்தைத்தான் நான் இல்லாமல் செய்யப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியாது. மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் வேறு ஒருவன் வந்து போடுவான். காலையிலிருந்து செய்த வேலைக்கும் காசு இன்னும் கைக்கு வரவில்லை. டின்னை மூடச் சொல்லிவிட்டு முதலாளிக்குக் கோல் எடுத்தேன். மச்சான் விஷயத்தையும் சொன்னேன். “வாறேன். பிளேன்டீக்குச் சொல்லி வை” என்றார்.

பழைய வேனை உருட்டிக்கொண்டு பதுளையிலிருந்து வந்து சேர்ந்தார். சிவாவையோ மற்ற த்ரீவீல்காரர்களையோ திரும்பியும் பார்க்கவில்லை. துண்டு நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். குந்தி உட்கார்ந்து தரையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். தேநீர் மேல்மாடியிலிருந்து வந்தது. சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார்.

“செய்யலாம் மொதலாளி. ஏன் செய்யேலாது?” என்று ஆரம்பித்தார். “மஞ்சள் போடணும்னா மெஷின ரெண்டு தரம் கழுவணும். அது ஒரு பக்கம் ஈக்கட்டும். இந்தத் தரையில வருஷக்கணக்கா எஞ்சின் எண்ண ஊறிப் போய் ஈக்குது. இது மேல பெயின்ட் நிக்காது, தோல் மாதிரி உரிஞ்சி வரும். சொறண்டணும், சோடாப் போட்டு தேய்க்கணும், காயப் போடணும். பண்டாரவளை மிஸ்டுல நாளைக்கும் காயாது. அதுக்கு மேல பிரைமர். அதுக்கு மேல மஞ்சள் ரெண்டு கோட்டிங். காயிற வரைக்கும் ராப்பகலா ரெண்டு ஆள் காவல். த்ரீவீல்காரனுக சும்மா விடுவானுகளா?”

ஒரு நக்கு. பிறகு விலையைச் சொன்னார்.

கணேசலிங்கத்தின் வாய் திறந்தது. “மொத்தத் தரைக்கும் சேத்துக்கூட அவ்வளவு இல்லையே மொதலாளி!”

“பெரிய வேலையில நான் லாபம் வைக்கிறல்ல. சின்ன வேலையிலதான் பொழப்பு ஓடுது.”

“அநியாயமா இருக்கு.”

“அநியாயந்தான். என்ன செய்ற, தின்னர் வெல அப்படி.”

நான் மூச்சை விட்டேன். கணேசலிங்கம் சல்லிக் காசைக்கூடக் கையை விட்டுப் போகவிடாத ஆள். இந்த விலைக்கு மாடி ஏறிப் போய்விடுவார், விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கஞ்சர்களைக் குறைவாக எடைபோடக் கூடாது. அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மெல்ல மலர்ந்தது.

“மெஷின்ல இப்ப வெள்ளை இருக்குதானே?”

“இருக்குது” என்றேன்.

“அப்ப வெள்ளையிலேயே போட்டு விடுங்க! கழுவத் தேவையில்ல. ரெண்டு கோட்டிங்கும் வேணாம், ஒரு கோட்டிங் போதும். சொறண்டவும் வேணாம். கோடுன்னா கோடுதானே, என்ன நெறமா இருந்தா என்ன? வந்ததோட வந்ததா, சும்மா இழுத்து விட்டுட்டுப் போங்க.”

விஜேபால என்னைப் பார்த்தான். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி உள்ளங்கையைப் பார்த்தார். அதில் சீனி தீர்ந்திருந்தது. தீர்ந்த பிறகும் அவர் ஒரு தடவை நக்கியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

“வெள்ளையிலயா மொதலாளி? நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“வெள்ளையிலதான்.”

“சாய்வான கோடுதானே? ஒன்னுக்கொன்னு எவ்வளவு தள்ளிப் போடுற?”

“அதெல்லாம் ஒங்க இஷ்டம். காசு மட்டும் கேக்காதீங்க.”

“கேக்க மாட்டேன். சும்மா போட்டுத் தாறேன்” என்றார் நூர்தீன் முதலாளி.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நாங்கள் நான்கு பேரும் கேட்டோம். விஜேபால கையில் வைத்திருந்த நூல் உருண்டையைக் கீழே போட்டுவிட்டான். கணேசலிங்கம் வெற்றி வீரராக மாடி ஏறிப் போனார். அவர் படி திரும்பியதும் முதலாளி சட்டைப் பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து என்னிடம் நீட்டினார். “ஒன் மச்சான்ட வண்டி எத்தன அடி அகலம், போய் அளந்துகிட்டு வா” என்றார்.

அன்றைக்குப் போட்ட கோடுகள்போல நான் வாழ்க்கையில் போட்டதில்லை. எண்ணெய் ஊறிய தரையைச் சுரண்டினோம், சோடா போட்டுத் தேய்த்தோம், பிரைமர் அடித்தோம், ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு தடவை பூசினோம். முதலாளி விலையில் அடுக்கிய வேலையில், மெஷின் கழுவுவதும் காவலும் தவிர ஒன்றுகூடக் குறையவில்லை. கணேசலிங்கம் கேட்டபடியே சாய்வான கோடுகள்தான். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு த்ரீவீல் சாய்வாகப் புகுந்து நிற்கலாம், கதவுப் பக்கம் ஆள் ஏறி இறங்கவும் இடம் இருக்கும். நாளைக்கும் காயாது என்று விலைக்காகச் சொன்ன தரை, இருட்டுவதற்குள் காய்ந்துவிட்டது. போகும்போது முதலாளி த்ரீவீல்காரர்கள் பக்கம் முதல் தடவையாகத் திரும்பினார்.

“கோடு நல்லாருக்கா?”

“நல்லாருக்கு மொதலாளி! எங்களுக்கா?” என்று சிவா வண்டியை விட்டு இறங்கினான்.

“எனக்கு நன்றி சொல்ல வேணாம். கணேசலிங்கம் மொதலாளிதான் போடச் சொன்னாரு. சத்தியமா, அவருதான் சொன்னாரு.”

பொய் சொல்லாத மனிதர் அவர்.

மறுநாள் காலையில் மிச்சச் சாமானை ஏற்றவும் காசு வாங்கவும் நாங்கள் போயிருந்தோம். கடை திறந்து கூட்டம் வந்துவிட்டது. த்ரீவீல்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் தன் தன் கோட்டுக்குள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றன. மாடி ஜன்னல் திறந்தது. கணேசலிங்கம் பார்த்தார். படியில் அவர் இறங்கி வந்த சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. வாயைத் திறந்துகொண்டேதான் வாசலுக்கு வந்தார்.

அதற்குள் மாலை விழுந்துவிட்டது. த்ரீவீல்காரர்கள் காசு சேர்த்து, கோயிலடியில் மாலை வாங்கி, எங்கிருந்தோ ஒரு பொன்னாடையும் பிடித்து வந்திருந்தார்கள். நம் சனத்துக்கு நன்றி என்று வந்துவிட்டால் ஆளை விசாரிக்க மாட்டார்கள், கழுத்தைத்தான் தேடுவார்கள். சிவாதான் பொன்னாடை போர்த்தினான். “எங்க தொழிலுக்கு இடம் குடுத்த மகராசன்” என்று சத்தமாகச் சொன்னான். சாமான் வாங்க வந்த பெண்கள் கை தட்டினார்கள். ஒரு கிழவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு முதலாளியா என்று கும்பிட்டார். யாரோ ஃபோனில் படம் எடுத்தார்கள். கணேசலிங்கம் திறந்த வாயை மூடி, மறுபடி திறந்து, கடைசியில் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார். அந்தப் படத்தை இன்றைக்கும் கடைக்குள் காசு வாங்கும் இடத்துக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்கள். வியாபாரத்துக்கு நல்லதாம்.

கூட்டம் கலைந்ததும் எங்கள் முதலாளியை ஓரமாகக் கூப்பிட்டு, மாலையோடேயே பல்லைக் கடித்தார். “இத அழிக்கிறதுக்கு எவ்வளவு?”

“காஞ்ச கோட்ட அழிக்கிறதா? அது மெஷின் வச்சு அரைக்கணும். சின்ன வேலைதான்...” என்று சொல்லி முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒரு பிளேன்டீ கெடைக்குமா?”

பிளேன்டீ கிடைக்கவில்லை. பெரிய வேலைக்கான காசு மட்டும் கிடைத்தது. கோப்பிக் கடை பிறகு மொட்டைமாடியில் திறக்கப்பட்டது. அங்கே வெள்ளைக்காரர்களை எல்லவிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் அதே த்ரீவீல்காரர்கள்தான். சிவா லீசிங்கைக் கட்டி முடித்தான். நகை திரும்பி வந்தது. அவன் இன்றைக்கு வரைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி கணேசலிங்கம் வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டு போகிறான். எனக்குக் கொண்டு வந்தது ஒரு முறைப்பாடு மட்டும். “மச்சான், என் கோடு மத்தவனுகளுதவிட கொஞ்சம் ஒடுக்கமா இருக்கு. வந்ததோட வந்ததா அத கொஞ்சம் அகலமாக்கி விட்டிருக்கலாமே?”

உண்மையை அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலகாரத் தட்டு என் வீட்டுக்கு வந்திருக்கும், ஆனால் பண்டாரவளை முழுக்கத் தெரிந்திருக்கும். அன்று வேனில் திரும்பும்போதே முதலாளி எங்களை எச்சரித்திருந்தார். “சும்மா செஞ்சு குடுத்தேன்னு எவனுக்கும் சொல்லிடாதீங்க. நாளைக்கு பதுளையே வந்து வாசல்ல நிக்கும்.” இப்போது அவர் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரித்தேன். குறைந்தது. கல்லாவுக்குப் போய் நின்றேன்.

“மொதலாளி, கொறையுதுங்களே?”

“கொறையும். பண்டாரவளையில சின்ன வேலை ஒன்னு செஞ்சமே.”

“அது சும்மா போட்டுக் குடுத்ததுதானே?”

“அவருக்கு சும்மா. ஒனக்குமா? மச்சான் ஒன் மச்சான்தானே?” தலை நிமிராமல் ஆணி நிறுத்துக்கொண்டே சொன்னார். “பெயின்ட் காசு மட்டுந்தான் புடிச்சேன். கழுவுற கூலி போடல்ல. வெள்ளைக்கு மேல வெள்ளைதானே, கழுவல்லியே.”

வெளியே வந்து பஜார் முனையில் நின்று சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தராசடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் கிலோவில் கழிபட்டது எங்கே போகிறது என்று தெரியாமல் நின்ற அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. என் குடும்பத்தில் யாருடைய கூலியில் கழித்ததும் எங்கே போனது என்று எங்களுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இது ஒன்று மட்டும் தெரியும். பண்டாரவளையில் கானோரமாகச் சாய்வாகக் கிடக்கிறது, அதன்மேல் வண்டி நிற்கிறது.

ஆகவே விஜே, அந்தக் கம்பனிக்காரர்களிடம் வேலை செய்கிற பயல்களைக் கண்டால் ஒன்று மட்டும் கேட்டுப் பார். அம்புக்குறி இலவசமாம், சரி. மாதக் கடைசியில் அதை யாருடைய கவரில் பிடித்தார்கள்?